பேப்பர் போடுவது எப்படி: ஒரு வரலாற்று டீச்சர் சொல்வது

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், "மேடம், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பேப்பர் போட்டுவிட முடியுமா?" என்று ஆய்வு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். கையில் வாட்ஸ்அப் செய்தி. மூன்று நாளில் ஆய்வுக் கட்டுரை வெளியீடு, கட்டணம் 1,800 ரூபாய், சான்றிதழ் உண்டு, பொறியியல் முதல் தமிழ் இலக்கியம் வரை எல்லாத் துறைகளும் ஏற்கப்படும்.

அவளைத் திட்டவில்லை. திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை. 2014இல் இதே மாதிரி ஓர் இதழுக்கு 2,500 ரூபாய் கட்டியவள் நான். நான்காவது நாள் கட்டுரை வந்துவிட்டது. என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, அட்டவணையில் ஒரு பத்தியையே காணோம். யாரும் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நான்கு வருடம் கழித்துப் பதவி உயர்வுக்குக் கோப்பு வைத்தபோது அந்த இதழ் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இதழ்ப் பட்டியலிலேயே இல்லை. என் விண்ணப்பத்தில் அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது.

நெல்லைப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இருபத்து நான்கு வருடமாக வரலாறு சொல்லித்தருகிறேன். இங்கே எழுதுவது வரலாறு, சமூகவியல், பொருளாதாரம், தமிழ் என்று கலைப் புலத்தில் முனைவர் பட்டம் செய்கிறவர்களுக்கு. அறிவியல்காரர்களின் வழக்கம் வேறு, அவர்கள் இதைப் பின்பற்றினால் அவர்களுடைய கைடு என்னைத் திட்டுவார்.

முதலில், பேப்பர் உங்களுக்கு இப்போதே தேவையா என்று பாருங்கள். யுஜிசியின் 2016 விதிப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்பும் கட்டாயம். 2022 நவம்பரில் வந்த புதிய விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு விதி வைத்துக்கொள்ளலாம், பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பதிவு செய்த வருடம் எது, உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லாரும் போடுறாங்க" என்பது விதி இல்லை.

பட்டியலை நம்பி இதழ் தேடாதீர்கள்

இதைச் சொன்னால் முறைப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். என் பணிக்காலத்திலேயே இரண்டு பட்டியல்கள் வந்து போய்விட்டன. 2010இல் யுஜிசி, ஆசிரியர் பணியைப் புள்ளி போட்டு அளக்கும் ஏபிஐ முறையைக் கொண்டுவந்தது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை என்று ஆனதும், கட்டுரை விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. அதற்குக் கடிவாளம் போட 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேல் இதழ்கள். பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்துப் பலவற்றை உள்ளே அனுப்பியிருந்தன. அப்படி வந்தவற்றில் ஆயிரத்துச் சொச்சத்தை எடுத்துப் புனே ஆய்வாளர்கள் அலசினார்கள். 88 சதவீதம் தேறவில்லை என்று 2018இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே வருடம் மே மாதம் 4,305 இதழ்களை யுஜிசி ஒரே நாளில் நீக்கியது. நான் பணம் கட்டிய இதழ் காணாமல் போனது இந்தச் சமயத்தில்தான்.

அப்புறம் அதற்குப் பதிலாக யுஜிசியின் 'கேர்' இதழ்ப் பட்டியல். 2018 நவம்பரில் அறிவித்து 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. "கேர்ல இருக்கா?" என்று கேட்காத நேர்முகத் தேர்வே இல்லை என்ற அளவுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எப்படிப்பட்ட இதழ் நல்ல இதழ் என்பதை நிறுவனங்களே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் கட்டுரை போட்டவர்கள் கதி? வெளியான நாளில் இதழ் பட்டியலில் இருந்தது என்று காட்டினால் தப்பிக்கலாம். அதனால் கட்டுரை வெளிவந்த அன்றே, இதழ் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்விதழ்களைத் தொகுக்கும் உலகத் தரவுத்தளமான ஸ்கோபஸில் இருக்கும் இதழுக்கும் இதையே செய்யுங்கள். அங்கிருந்தும் இதழ்களை வெளியேற்றுவது உண்டு.

பட்டியலை விட்டுவிட்டு உங்கள் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலை எடுங்கள். எந்த ஆய்விதழின் பெயர் மூன்று தடவைக்கு மேல் வருகிறதோ அதை வட்டமிடுங்கள். நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அது காட்டும். எனக்கு 'இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவியூ'தான் அதிகம் வந்தது. சமூகவியல் ஆட்களுக்கு 'கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி'யும் இந்தியச் சமூகவியல் சங்கத்தின் 'சோஷியலாஜிக்கல் புல்லட்டி'னும் வரலாம். முன்னது 1957இல் லூயி துய்மோனும் டேவிட் போகாக்கும் தொடங்கியது, கோட்பாட்டில் இறங்காத கட்டுரைக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். மும்பையிலிருந்து வரும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யை எல்லாரும் தெரிந்திருப்பீர்கள். அதன் சிறப்புக் கட்டுரை 8,000 சொல்லைத் தாண்டக் கூடாது, இன்றைய விவாதத்தோடு ஒட்டவும் வேண்டும். தமிழ்நாட்டுப் பொருளாதாரம், வளர்ச்சி பற்றி எழுதுகிறவர்கள் அடையாற்றில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் (எம்ஐடிஎஸ்) 'ரிவியூ ஆஃப் டெவலப்மென்ட் அண்ட் சேஞ்ச்' இதழையும் பாருங்கள்.

வட்டமிட்ட இதழின் கடைசி இரண்டு வருடத்து இதழ்களைப் படியுங்கள். கட்டுரைச் சுருக்கங்களையாவது. இதைச் செய்யாமல் அனுப்பும் கட்டுரை, கல்யாண வீட்டு முகவரி தெரியாமல் மொய்க்கவரோடு அலைவது மாதிரி.

போலியைக் கண்டுபிடிக்க

எல்லாத் துறையும் வரவேற்கப்படும் என்றால் கதவைச் சாத்துங்கள். வரலாற்றையும் நானோ தொழில்நுட்பத்தையும் ஒரே ஆசிரியர் குழு மதிப்பிட முடியாது. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். அது தொடர் வெளியீட்டுக்குத் தரும் எட்டு இலக்க அடையாளம், அவ்வளவுதான். டெல்லியில் உள்ள தேசிய மையம் அதை இலவசமாகத் தருகிறது. வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுநருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகிவிடுமா? கருத்தரங்கக் கட்டுரைக் கோவைகளில் பெரிதாக அச்சடிக்கும், நூல்களுக்கான ஐஎஸ்பிஎன் எண்ணும் அப்படித்தான். 700 பக்கத்தில் 140 கட்டுரை, ஆளுக்கு ஐந்து பக்கம், பதிவுக் கட்டணம் கட்டிய எல்லாருக்கும் இடம். என் அலமாரியில் இப்படி ஒன்பது கோவைகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட யாரும் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை, நான் உட்பட.

பணம் கேட்டாலே போலி என்றும் சொல்லிவிட முடியாது. திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நேர்மையான இதழ்கள் சில கட்டணம் வாங்குகின்றன. ஆனால் நம் துறைகளில் சந்தா முறையில் வரும் நல்ல இதழ்கள் எழுதுகிறவரிடம் காசு கேட்பதில்லை. மேலே சொன்ன எதற்கும் நான் ஒரு பைசா கட்ட வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு என்பதைவிட எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள். மதிப்பீட்டுக்கு முன்பே, அதுவும் ஜிபே எண்ணோடு கேட்டால் விஷயம் முடிந்தது.

இன்னொரு மோசடி இருக்கிறது, படித்தவர்களே விழுவது இதில்தான். பழைய, மதிப்புள்ள இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துவார்கள். பெயர், ஐஎஸ்எஸ்என், அட்டைப்படம் எல்லாம் அசலிலிருந்து சுட்டது. என் சக ஆசிரியர் ஒருவருக்கு இது நடந்தது. அதற்கு நான் கண்ட வழி, ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரை அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடி, அங்கிருக்கும் முகவரிக்கு இரண்டு வரி மடல் எழுதிக் கேட்பது. "என் பெயர் அதில் இருப்பதே எனக்குத் தெரியாது" என்று ஒருமுறை பதில் வந்தது.

இயலை அறுப்பது

இனி சொல்லப்போவதுதான் உண்மையான வேலை. ஆய்வேட்டின் இயலை அப்படியே எடுத்து அனுப்பினால் திரும்பி வரும். ஏன் என்று என் கதையை வைத்தே சொல்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய ஒத்திப் பத்திரங்களை வைத்து நான் ஓர் இயல் எழுதியிருந்தேன். நிலத்தை ஈடாகக் கொடுத்துக் கடன் வாங்குவது, வட்டிக்குப் பதில் கடன் கொடுத்தவர் விளைச்சலை அனுபவிப்பது, இதுதான் ஒத்தி. இயல் 94 பக்கம். முதல் 18 பக்கம் திருநெல்வேலி அறிமுகம். ஊருக்கு வேலி என்ற பெயர் எப்படி வந்தது, தாமிரபரணி பொதிகையில் பிறந்து எங்கே கடலில் சேர்கிறது, என்னென்ன கோயில்கள். நம் ஆய்வேடுகள் எல்லாவற்றிலும் இந்தப் பகுதி உண்டு, மாவட்டம் மட்டும் மாறும். முதலில் அதை வெட்டினேன். கை நடுங்கியது என்றே சொல்வேன், அந்தப் பதினெட்டுப் பக்கத்துக்காக ஒரு கோடை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுத்த பிறகு அறிமுகம் எட்டு வரி.

அடுத்து, "இந்தக் கட்டுரை என்ன சொல்லுது?" என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் ஒரே மூச்சில் என்ன பதில் சொல்வீர்கள் என்று எழுதிப்பாருங்கள். எனக்கு இரண்டு வாரம் ஆனது. "ஒத்திப் பத்திரங்களைப் பற்றியது" என்பது பதில் இல்லை, அது தலைப்பு. கடைசியில் வந்த பதில் இது: கடன் வாங்குபவர் ஆண், நிலமும் அவர் பெயரில், ஆனால் சில பத்திரங்களில் அவர் மனைவியின் கைநாட்டையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், கடன் கொடுத்தவருக்கு எதற்கு அந்தப் பயம்? இந்தக் கேள்வி 94 பக்கத்தில் 61ஆம் பக்கத்தில் ஒரு பத்தியாக ஒளிந்துகொண்டிருந்தது. அதுதான் கட்டுரை. மீதி எல்லாம் அதற்குத் தேவைப்பட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

கேள்வியை முதல் பக்கத்திலேயே வையுங்கள். நம் ஆய்வேட்டு வழக்கப்படி முடிவுரையில் கண்டுபிடிப்பைத் திறப்பது வாய்மொழித் தேர்வுக்குச் சரி. ஆய்விதழ் ஆசிரியர் முடிவுரை வரை வரமாட்டார். பிறகு, இதே கேள்வியை வேறு யார் தொட்டிருக்கிறார்கள், அவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்று இரண்டு பக்கம். "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். யாரோ ஆராய்ந்திருப்பார்கள், அவரிடமேதான் மதிப்பீட்டுக்குப் போகும்.

தனியார் வீட்டு ஆவணம் என்றால் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பெயர்களை மாற்றுங்கள். ஆவணக்காப்பகம் என்றால் எழும்பூரோ டெல்லியோ, அரசாணை எண், தேதி, துறை மூன்றும் அடிக்குறிப்பில் இருக்க வேண்டும். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தரும்போது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையைப் பின்பற்றுவது நல்லது. ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல், ளகரத்துக்குக் கீழே புள்ளி வைத்த எல். ஒத்தியை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் இன்னொரு மாதிரியும் எழுதியிருந்ததை மதிப்பீட்டாளர் பென்சில் போட்டுக் காட்டினார்.

எழுத்துத் திருட்டுச் சோதனை பற்றி நிறையப் பயம் உலவுகிறது. யுஜிசியின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறியிட்டு ஆதாரம் காட்டியதும் துணைநூற்பட்டியலும் கணக்கில் வராது. சிலர் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டு மென்பொருளை ஏமாற்றுகிறார்கள். மென்பொருள் ஏமாறும், அந்தத் துறையில் முப்பது வருடம் இருக்கும் மதிப்பீட்டாளர் ஏமாறமாட்டார்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் இருக்கும் கட்டுரை கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, இணையத்தில் யார் தேடினாலும் கிடைக்காது. தமிழில் எழுதினால் மதிப்பில்லை என்று யாராவது சொன்னால், பாளையங்கோட்டையிலிருந்து நா. வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. அவருடைய நெல்லை ஆய்வுக் குழுவுக்கு யாரும் புள்ளி போடவும் இல்லை. நாட்டார் வழக்காற்றில் ஆய்வு செய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறார்கள்.

யார் பெயர் எங்கே

கேட்கத் தயங்கும் கேள்வி இது, அதனால் நானே எடுக்கிறேன். நெறியாளர் பெயரையும் போட வேண்டுமா? ஆசிரியர்களின் ஆய்வுக்குப் புள்ளி போடும் 2018 யுஜிசி அட்டவணைப்படி மொழி, கலை, சமூக அறிவியலில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது ஏழு ஏழு. பத்தைப் பிரித்தால் பதினான்கு ஆகும் மாயம் இது, பலர் சேர்ந்து எழுதுவதன் ரகசியமும் இதுதான். வரலாற்றில் ஒருவர் பெயரில் எழுதுவதுதான் பழைய வழக்கம். நெறியாளர் தரவு சேர்த்தாரா, ஒரு பகுதியை எழுதினாரா? அப்படியானால் போடுங்கள். படித்துத் திருத்தம் மட்டும் சொன்னார் என்றால் நன்றிக் குறிப்பு போதும். என்னிடம் ஆய்வு செய்த ஆறு பேரின் கட்டுரையிலும் என் பெயர் கிடையாது. ஆனால் உங்கள் ஆய்வேட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டும், எனக்கு யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. அதனால் சண்டை போடச் சொல்லமாட்டேன். எழுதத் தொடங்கும் முன்பே, தலைப்பு முடிவான அன்றே கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால்தான் மனக்கசப்பு.

மொழிபெயர்ப்புக்கும் அந்த அட்டவணையில் இடம் உண்டு, நூலுக்கு 8, கட்டுரைக்கு 3. தமிழ்த் துறைக்காரர்கள் பலர் இதைக் கோப்பில் வைக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அனுப்பிய பிறகு

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் இருக்கும், அதை நீக்குங்கள். "என் முந்தைய கட்டுரையில் கூறியபடி" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள், யார் எழுதியது என்று தெரியாமல் மதிப்பிட வேண்டும் என்பதுதானே ஏற்பாடு.

முதல் இதழ் பத்தொன்பதாவது நாளே என்னுடையதைத் திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டுக்கே போகவில்லை. ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முன்னுரையை மாற்றி இரண்டாவது இதழுக்கு அனுப்பினேன். அங்கே ஏழு மாதம். ஆறு மாதம் ஆனபிறகு நிலவரம் கேட்டு ஒரு மடல் போடலாம், தப்பில்லை. அதற்கு முன்னால் வேண்டாம்.

இரண்டு மதிப்பீடு வந்தது. முதலாமவர் நான்கு வரியில் பாராட்டினார், அதனால் எனக்குப் பயன் ஒன்றுமில்லை. இரண்டாமவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதில் ஒரு வரி: கைநாட்டு வைத்த பெண் மனைவிதான், தாய் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. நானாக நினைத்துக்கொண்டேன். மறுபடி அந்த வீட்டுக்குப் போய்ப் பத்திரங்களை விரித்தேன். பெரும்பாலானவற்றில் 'பாரியாள்', அதாவது மனைவி, என்று தெளிவாக இருந்தது. இரண்டில் உறவே சொல்லவில்லை. அந்த இரண்டையும் வாதத்திலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததை அடிக்குறிப்பில் சொன்னேன்.

பதில் எழுதும்போது மூன்று பத்தி உள்ள அட்டவணை போடுங்கள். மதிப்பீட்டாளர் சொன்னது, நீங்கள் செய்தது, எந்தப் பக்கம். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆங்கிலேய வருவாய்க் கொள்கை பற்றி ஒரு பகுதி சேர்க்கச் சொன்னார், இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை என்று ஆதாரத்தோடு மறுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அனுப்பிய நாளிலிருந்து அச்சாக மொத்தம் 22 மாதம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று கேட்டவளுக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது முகம் எப்படிப் போனது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கடைசி வருடத்தில் தொடங்காதீர்கள், இரண்டாம் வருட முடிவில் ஓர் இயலாவது அனுப்பும் நிலையில் இருக்க வேண்டும்.

வெளிவந்ததும், ஆய்வாளர்களுக்குத் தனி அடையாள எண் தரும் ஓர்கிட் கணக்கில் சேருங்கள், இலவசம்தான். உங்கள் பெயரில் நாட்டில் நூறு பேர் இருப்பார்கள், முன்னெழுத்து வேறு ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அந்தப் பதினாறு இலக்க எண்தான் பிரித்துக் காட்டும். ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறியதா என்றும் பாருங்கள், ஏற்றாமல் கிடப்பது உண்டு. ஏற்பு மடல், பொருளடக்கப் பக்கம், கட்டுரை மூன்றையும் அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள். பத்து வருடம் கழித்து அந்த இணையதளம் இருக்கும் என்று யார் கண்டது.

அந்த மாணவி 1,800 ரூபாயைக் கட்டவில்லை. பீடி சுற்றும் பெண்களின் கூலிக் கணக்கு நோட்டுகளை வைத்து ஓர் இயல் எழுதியிருந்தாள், அதைச் சேர்ந்து அறுத்தோம். மாவட்ட அறிமுகம் 22 பக்கம் போனது, என்னைவிட நான்கு பக்கம் அதிகம். போன வாரம் மதிப்பீடு வந்திருக்கிறது. பதினேழு கேள்வி. "பதினேழா மேடம்?" என்றாள் கண் கலங்கி. எட்டாவது கேள்வி நோட்டில் 'கழிவு' என்று எழுதியிருப்பது இலைக் கழிவா, கூலிக் கழிவா என்பது. அதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் நோட்டுக்காரம்மா வீட்டுக்குப் போகிறோம்.